காவேரிப்பட்டணத்திலிருந்து கேபின் க்ரூ வேலைக்கு: நான் போன வழி

எங்கள் பக்கத்தில் ப்ளஸ் டூ முடித்த பிள்ளைகள் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, ஏர் ஹோஸ்டஸ் ஆக என்ன கோர்ஸ் படிக்கணும்?" தனியாக எந்தக் கோர்ஸும் கட்டாயம் இல்லை. ப்ளஸ் டூ பாஸ், 18 வயது, பாஸ்போர்ட், தடுமாறாமல் பேசும் ஆங்கிலம், ஓரளவு இந்தி. பெண்களுக்கு உயரம் பெரும்பாலான இடங்களில் 155 செ.மீ. கேட்பார்கள். விமான வேலைக்கான பயிற்சியை, ஆளை எடுத்த பிறகு நிறுவனமே கொடுக்கும்.

எனக்கு இதை அன்று யாரும் சொல்லவில்லை. மாங்காய் சீசன் முடிந்து அப்பா கையில் இருந்த பணத்திலிருந்து 80,000 ரூபாயை எடுத்துப்போய் பெங்களூரில் ஒரு இன்ஸ்டிட்யூட்டில் கட்டினோம். "நூறு சதவீதம் வேலை" என்று வாயால் சொன்னார்கள். ரசீதில் அப்படி ஒரு வரியும் இல்லை. கொண்டை போடவும் மேக்கப் போடவும் சொல்லிக்கொடுத்தார்கள். கூடவே, இன்டர்வியூவில் சொல்ல அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள்.

முதல் வாக்-இன் இன்டர்வியூவுக்கு விடிகாலை நாலு மணி பஸ். முதலில் கையெட்டும் அளவு பார்த்தார்கள். சுவரில் 212 செ.மீ. உயரத்தில் ஒரு கோடு. செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில் நின்று அதைத் தொடவேண்டும். விமானத்தில் தலைக்கு மேலே உள்ள பெட்டிகளிலும் அவசரகாலக் கருவிகளை வைத்திருப்பார்கள், அவை கைக்கு எட்டவேண்டும் என்பதற்காக. வீட்டுத் திண்ணைச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு ஒரு மாதம் எட்டிப் பார்த்திருந்ததால் தொட்டுவிட்டேன். அடுத்து பத்துப் பேராக உட்காரவைத்து ஒவ்வொருவராக அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய பெண் ஆரம்பித்ததும் கை சில்லிட்டுவிட்டது. என் அரைப் பக்கத்தை அப்படியே சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பத்துப் பேரில் நாலு பேர் ஒரே இன்ஸ்டிட்யூட். மூன்றாவது ஆள் பேசும்போது எதிரே இருந்த மேடம் பேனாவை மூடிவைத்துவிட்டார். எங்களில் ஒருவரும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை.

மறுபடி வர ஆறு மாதம் ஆகவேண்டும் என்றார்கள். அந்த ஆறு மாதமும் கிருஷ்ணகிரி பைபாஸில் ஒரு ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை பார்த்தேன். சென்னை ரோடும் சேலம் ரோடும் பெங்களூர் ரோடும் சேரும் ஊர் இது. கன்னடம், தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் என்று ஒரே நாளில் எல்லாம் காதில் விழும், எல்லாவற்றிலும் பதில் சொல்லியாகவேண்டும். 80,000 கட்டிய இடத்தில் கிடைக்காதது அந்தக் கவுன்ட்டரில் கிடைத்தது, அதுவும் மாதச் சம்பளத்தோடு. இரண்டாவது இன்டர்வியூவில், "கோபமாக வந்த ஒருவரை எப்படிச் சமாளித்தீர்கள்?" என்று கேட்டார்கள். நள்ளிரவில் ரூம் இல்லை என்று கத்திய ஒரு பெரியவரின் மனைவிக்குச் சர்க்கரை இறங்கியிருந்ததைக் கவனித்து, முதலில் அந்த அம்மாவை உட்காரவைத்து டீ கொடுத்த கதையைச் சொன்னேன். இலக்கணம் இரண்டு இடத்தில் தப்பியது. தேர்வாகிவிட்டேன்.

அதன் பிறகுதான் நடையாய் நடந்தேன். மார்க் ஷீட்டில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இருக்கிறது, ஆதாரில் அதே பெயருக்கு ஒரு எழுத்து கூடுதல். நம் ஊரில் பாதிப் பேருக்கு இதே நிலைமைதான். விண்ணப்பம் போடும் முன்பே மூன்றையும் ஒன்றாக்கிவிடுங்கள். மெடிக்கலில் எனக்கு ஹீமோகுளோபின் 9.8 வந்ததால் தற்காலிகமாக நிறுத்திவைத்தார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் அம்மாவின் முருங்கைக்கீரையுமாக இரண்டு மாதம் கழித்துப் போனபோது 12.1. ஏர்போர்ட்டுக்குள் போகும் பாஸ் எடுக்க போலீஸ் விசாரணை உண்டு. ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தபோது தெருவே வாசலில் கூடிவிட்டது. "எம்பொண்ணு பிளைட் வேலைக்குப் போறா, அதுக்குத்தான்" என்று அப்பா ஒவ்வொருவரிடமும் சொன்னார். ராத்திரி டியூட்டி என்று அதுவரை மனசில்லாமல் இருந்தவர் அவர்.

பயிற்சியில் டிரே பிடிப்பது கொஞ்ச நாள்தான். மீதியெல்லாம் தீ, புகை, முதலுதவி, கதவு, தண்ணீர். பாதிக் கதவுகளை மட்டும் திறந்து, 90 விநாடிக்குள் விமானத்தில் உள்ள எல்லோரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டினால்தான் ஒரு விமான வகைக்கே அனுமதி கிடைக்கும். அந்த 90 விநாடியில் எங்கள் குரல்தான் ஆட்களை நகர்த்தும். சின்ன வயதிலிருந்து "பொம்பளப் புள்ள, மெதுவா பேசு" என்று கேட்டு வளர்ந்தவளை, "இன்னும் சத்தமா! கடைசி வரிசைக்குக் கேட்கல!" என்று ஒரு வாரம் கத்தவைத்தார்கள்.

லைஃப் ஜாக்கெட்டை விமானத்துக்குள் ஊதக்கூடாது. உள்ளே தண்ணீர் ஏறினால் அது ஆளைக் கூரையோடு தூக்கிவிடும், கதவுக்குக் குனிந்து போக முடியாது. நீச்சல்குளத்தில் அதை மாட்டிக்கொண்டு, மயங்கியவர்போல் நடிக்கும் இன்னொருவரை இழுத்துக்கொண்டு மிதவைக்கு நீந்தினோம். தாத்தா முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்ட நீச்சல், எனக்கு அன்று கைகொடுத்தது.

இப்போது 180 சீட் விமானத்தில் நாங்கள் நாலு பேர். ஐம்பது சீட்டுக்கு ஒருவர் என்பது கணக்கு. ஓடுபாதையில் வேகம் பிடிக்கும்போது பின்பக்கக் கதவருகே பெல்ட் போட்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருப்பேன். அந்த அரை நிமிடமும் மனசுக்குள் ஒத்திகை ஓடும்: வெளியே தீ இருக்கிறதா பார், கைப்பிடியைத் தூக்கு, ஆட்கள் இறங்கும் சறுக்கு விரிந்ததா பார், கத்து. ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து.