கிளிநொச்சியிலிருந்து ஒரு 404 கதை

விதைநெல் விற்கும் மாமாவின் வெப்சைட்டில், காலபோகம் தொடங்கும் நேரம் பார்த்து, பக்கங்களின் முகவரிகளை மாற்றிவிட்டேன். அடுத்த நாளே போன். "தம்பி, லிங்கை அமத்தினா வெள்ளையா இங்கிலீசில என்னவோ வருது. கடை பூட்டியாச்சோ எண்டு சனம் கேக்குது."

பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடாதது என் பிழை. அதைச் செய்து முடித்தேன். ஆனால் பிழையாகத் தட்டி வருபவர்களும் இருக்கிறார்களே. தமிழில் ஒரு 404 பக்கம், அதாவது கேட்ட பக்கம் இல்லை என்று சொல்லும் பக்கம், எழுதினேன்: மேலே இரணைமடுக் குளத்தின் படம், கீழே கடையின் போன் நம்பர். வெப்சைட்டைப் பரிமாறும் அப்பாச்சி மென்பொருளுக்குக் கட்டளை சொல்லும் டொட் எச்டி-அக்சஸ் கோப்பில், பிழை வந்தால் எந்தப் பக்கத்தைக் காட்டுவது என்று சொல்லும் எரர்-டொக்கியுமென்ட் வரி ஒன்றைப் போட்டேன். பார்த்தால் அதே வெள்ளைப் பக்கம்.

பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும் பிரவுசர் கேஷைச் சந்தேகித்து இரண்டு மணித்தியாலம் வீணாகப் போனது. அப்புறம்தான் கோப்பின் முதல் வரியில் வேண்டுமென்றே "மாட்டுவண்டி" என்று எழுதிப் பார்த்தேன். அப்பாச்சி அந்தப் புரியாத சொல்லை வாசித்திருந்தால் 500 என்று, அதாவது சேர்வர் பிழை என்று, விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. ஆக, கோப்பை அது திறக்கவே இல்லை. சேர்வரில் ஓடும் உபுண்டு இயங்குதளத்தில் வெப்சைட் கோப்புகள் இருக்கும் வார்-டபிள்யூடபிள்யூடபிள்யூ அடைவுக்கு அந்தக் கோப்பில் எதையெல்லாம் ஏற்கலாம் என்று சொல்லும் அலவ்-ஓவர்ரைட்டை 'நன்' (எதுவும் வேண்டாம்) என்றுதான் முன்கூட்டியே வைத்திருக்கிறார்கள். எரர்-டொக்கியுமென்ட் போன்ற வரிகளை ஏற்கச் சொல்லும் 'ஃபைல்-இன்ஃபோ' என்று மாற்றி ரீலோட் செய்தேன். உடனே 500! அந்த எண்ணைக் கண்டு வேறு எப்போதும் நான் சந்தோசப்பட்டதில்லை. மாட்டுவண்டியை அழித்ததும் தமிழ்ப் பக்கம் வந்தது.

ஆனால் இரண்டு மூன்று சாய்கோடு கொண்ட முகவரிகளில் குளத்தின் படம் காணாமல் போனது. அவசரத்தில் எரர்-டொக்கியுமென்ட் வரியில் எச்டிடிபிஎஸ் தொடங்கி முழு முகவரியையும் கொடுத்தேன். படம் வந்துவிட்டது, நானும் படுக்கப் போயிருப்பேன். ஏதோ நினைத்து, சேர்வர் சொல்லும் பதிலைக் காட்டும் கர்ல் கட்டளையில் 'மைனஸ் ஐ' போட்டுப் பார்த்தால், 404 வரவேண்டிய இடத்தில் 302, அதாவது வேறு முகவரிக்குப் போ என்ற பதில். முழு முகவரி கொடுத்தால் அப்பாச்சி ஆளை வேறு பக்கத்துக்கு அனுப்பிவிடுகிறது, அங்கே போனால் 200, அதாவது எல்லாம் சரி என்ற பதில். பக்கம் இல்லை என்ற செய்தி தேடுபொறிக்குப் போய்ச் சேராது.

பிழை படத்தின் பாதையில்தான். முன்னால் சாய்கோடு இல்லாததால், பிரவுசர் கேட்ட முகவரியின் அடைவுக்குள்ளேயே படத்தைத் தேடியிருக்கிறது. எரர்-டொக்கியுமென்ட் வரியைப் பழையபடி ஆக்கி, படத்தின் பாதைக்கு முன் ஒரு சாய்கோடு போட்டேன். கர்ல் 404 என்றது, படமும் வந்தது.

மாமாவுக்கு அனுப்பினேன். "குளத்துப் படம் வடிவா இருக்கு. இதையே முதல் பக்கமாப் போடன்" என்றார்.