யாரோ மாற்றியமைத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட், என் முதல் கார்: எட்டு மாதக் குறிப்புகள்

கார் வாங்கி எட்டு மாதம் ஆகிவிட்டது. லைசென்ஸ் எடுத்த புதிதில், யாரோ மாடிஃபை செய்து ஓட்டிய பழைய ஸ்போர்ட்ஸ் கார் முதல் காராகச் சரிவருமா என்று நான் கேட்காத ஆள் இல்லை. வேண்டாம் என்றவர்கள் எல்லோரும் வேகத்தைத்தான் காரணமாகச் சொன்னார்கள். இந்த எட்டு மாதத்தில் வேகத்தால் எனக்கு ஒரு தொல்லையும் வரவில்லை. இங்கே சிங்கப்பூரில் விரைவுச்சாலையிலேயே 90க்கு மேல் போக முடியாது. தொல்லை எங்கிருந்து வந்தது என்பதை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

தேவையால் வாங்கினேன் என்று சொல்லமாட்டேன். வீடு ஈசூனில், வேலை துவாஸில், கம்பெனி பஸ் உண்டு. ஆசைதான். அதனால்தான் கிளாஸ் 3ஏ போகாமல் கிளாஸ் 3 லைசென்ஸ் எடுத்தேன். 3ஏ எடுத்தால் ஆட்டோ கியர் மட்டுமே ஓட்டலாம், எனக்குப் பிடித்த கார்கள் எல்லாமே மேனுவல்.

வாங்குவதற்கு முன் மூன்று கார் பார்த்தேன். முதலில் 2009ஆம் ஆண்டு சிவிக் டைப் ஆர். 225 குதிரைத்திறன், 2 லிட்டர் இன்ஜின். பார்த்ததும் மனம் போய்விட்டது. வீட்டுக்கு வந்து சாலை வரியைக் கணக்குப் போட்டேன். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்கு ஆண்டுக்கு 10 விழுக்காடாகக் கூடி, கடைசியில் 50 விழுக்காடு வரை வரி அதிகம். அந்தக் காருக்கு ஆண்டுக்கு 1,800 வெள்ளியைத் தாண்டியது. விலையும் எட்டாத உயரம். அடுத்தது டொயோட்டா 86. பின்சக்கர உந்துதல், மழைக்காலம், கையில் பி பிளேட் (புதிய ஓட்டுநர் முதல் ஆண்டு ஒட்ட வேண்டிய அட்டை). அப்பா ஒரே பார்வையில் வேண்டாம் என்றார், நானும் வற்புறுத்தவில்லை.

மூன்றாவதுதான் இது. 2008ஆம் ஆண்டு சுஸுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1,586 சிசி, 125 குதிரைத்திறன், ஐந்து கியர். டர்போ கிடையாது. முதல் பத்தாண்டு முடிந்ததும் 2018இல் சிஓஇயை (காரை வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) பத்து ஆண்டுக்குப் புதுப்பித்திருந்தார்கள், 2028 ஜூலை வரை ஓடும். கேட்ட விலை 41,000, முடிந்தது 39,500. பதினாறு வயது சிறிய காருக்கு இவ்வளவா என்று ஊரிலிருக்கும் மாமா போனில் அதிர்ந்தார். இங்கே நாம் காருக்குக் கொடுப்பதில் பெரும்பகுதி மிச்சமிருக்கும் மாதங்களுக்குத்தான். 46 மாதத்துக்கு 39,500 என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 10,300 வெள்ளி தேய்மானம். சிஓஇ புதுப்பித்த காருக்கு, பதிவை ரத்து செய்யும்போது கிடைக்கும் பார்ஃப் தள்ளுபடியும் கிடையாது. இடையில் பதிவை ரத்து செய்தால் மீதி மாதங்களுக்கான சிஓஇ பணம் மட்டும் கணக்குப்படி திரும்பி வரும். கார் வாங்கும் முன் இந்த ஒரு கணக்கைத் தாளில் எழுதிப் பாருங்கள், விளம்பரப் படங்களைப் பிறகு பார்க்கலாம்.

விற்றவர் ஒரு மலாய் அண்ணன். இரண்டாவது குழந்தை வரப்போகிறது, சின்னக் காருக்கும் குழந்தை இருக்கைகளுக்கும் ஒத்துவரவில்லை என்றார். பி பிளேட் என்பதால் என்னை ஓட்டவிடவில்லை. அவரே ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கையில் அந்தக் கார் வெண்ணெய் மாதிரி போனது. போகும் வழியில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொன்னார்: உயரம் குறைத்த கொய்லோவர் (உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சஸ்பென்ஷன்), எடை குறைந்த ஃப்ளைவீல், ஸ்போர்ட்ஸ் கிளட்ச், திறந்த ஏர் ஃபில்டர், எக்ஸாஸ்ட், இன்ஜின் கம்ப்யூட்டரோடு ஒட்டிய சின்னப் பெட்டி ஒன்று, 17 அங்குல ரிம். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். பாதி புரியவில்லை.

பிறகு அவர் வீட்டு பாம் ஷெல்டரை (சாமான் வைக்கும் பாதுகாப்பு அறை) திறந்து நான்கு பெட்டிகளைக் காட்டினார். காரோடு வந்த அசல் பாகங்கள் எல்லாம் சுற்றிப் பத்திரமாக இருந்தன. அன்று அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. இந்த எட்டு மாதத்தில் எனக்குக் கிடைத்த பெரிய அதிர்ஷ்டம் அந்த நான்கு பெட்டிகள்தான்.

காப்புறுதி

இதை முதலில் கேட்டிருக்க வேண்டும், கார் பேசி முடித்த பிறகு கேட்டேன். 26 வயது, லைசென்ஸ் எடுத்து இரண்டு மாதம், என்சிடி (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான தள்ளுபடி) பூஜ்யம், பத்து ஆண்டு தாண்டிய கார், மாடிஃபை செய்தது. எட்டு இடத்தில் கேட்டதில் ஐந்து இடத்தில் முடியாது என்றுவிட்டார்கள். செய்த மாற்றங்களைச் சொல்லாமல் விடலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அதைச் செய்யாதீர்கள். மறைத்து எடுத்த காப்புறுதி விபத்து நாளில் கைவிட்டுவிட்டால், இடித்த காருக்கும் அதில் இருப்பவருக்கும் நாம்தான் கொடுக்க வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துத்தான் எடுத்தேன். ஆண்டுக்கு 3,240 வெள்ளி, புதிய ஓட்டுநர் என்பதால் விபத்தானால் முதல் 3,500 வெள்ளி என் கையிலிருந்து போகும். சாலை வரி 1,100, வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடுகள்) கார்ப்பேட்டைக்கு மாதம் 110. இவை எதுவுமே ஓட்டுவதற்கான செலவு இல்லை, வண்டி சும்மா நிற்பதற்கு.

செப்டம்பர், அக்டோபர்

எங்கள் புளோக்கின் பலமாடிக் கார்ப்பேட்டையில் எனக்கு நான்காவது மாடியில்தான் இடம் கிடைக்கும். சரிவில் ஏறி, திருப்பத்தில் நின்று, மறுபடி கிளம்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் முதல் வாரம் மட்டும் பதினோரு முறை இன்ஜின் அணைந்தது. ஒரு மாலை பின்னால் நான்கு கார், நடுவில் நான், கை நடுங்க ஹேண்ட் பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் இருந்தார். முப்பது ஆண்டு லாரி ஓட்டியவர்.

"மெதுவா விடு தம்பி, கிளட்ச் இன்னும் பிடிக்கல" என்றார். விட்டேன், அணைந்தது. மறுபடி விட்டேன், வண்டி துள்ளி அணைந்தது.

எனக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை என்றே முடிவு கட்டினேன். 80 வெள்ளி கொடுத்து ஒரு பாடம் கூட எடுத்தேன். பயிற்சிக் காரில் ஒரு முறையும் அணையவில்லை, அதனால் குழப்பம்தான் கூடியது. பிறகு ஒரு நாள் நண்பனின் அண்ணனிடம் இருந்த, எதுவும் மாற்றாத இதே மாடல் ஸ்விஃப்ட்டில் அதே சரிவில் ஏறிப் பார்த்தேன். முதல் தடவையே சுலபமாகக் கிளம்பியது.

சின் மிங்கில் சிறிய வொர்க்ஷாப் வைத்திருக்கும் சீன அங்கிள் ஒருவர்தான் விளக்கினார். ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்குப் பின்னால் சுழலும் கனமான தட்டு. அது சுழன்று சேர்த்து வைத்திருக்கும் ஆற்றல்தான், கிளட்ச் பிடிக்கும் அந்த நொடியில் இன்ஜினைத் தாங்குகிறது. அதன் எடையைக் குறைத்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இன்ஜின் சட்டென்று சீறும், பந்தயத்துக்கு நல்லது. ஆனால் மெதுவாகக் கிளம்பும்போது தாங்க ஒன்றும் இருக்காது. அதோடு ஸ்போர்ட்ஸ் கிளட்ச் பிடிக்கும் இடமோ விரல் அகலம். பழகியவர் காலுக்கு அது சரிவரும், என் காலுக்கு வராது.

என் பிழை எது, வண்டியின் பழுது எது, வேண்டுமென்றே அப்படிச் செய்து வைத்தது எது என்று பிரித்தறிய முதல் கார் ஓட்டுபவனிடம் அளவுகோல் இல்லை. சாதாரண கார் எப்படி இருக்கும் என்றே தெரியாதவன், இது சாதாரணமாக இல்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? வாங்கும் முன் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்தேன். அடிபட்ட தடம் இல்லை, ஓரிடத்தில் எண்ணெய் கசிவு, சஸ்பென்ஷன் மாற்றப்பட்டது என்று அறிக்கை வந்தது. எல்லாம் உண்மை. சரிவில் எனக்கு வண்டி கிளம்பாது என்று எந்த அறிக்கையும் சொல்லாது.

பெட்டியிலிருந்த அசல் ஃப்ளைவீலை மெஷின் ஷாப்பில் தேய்த்து வாங்கி, புது கிளட்ச் செட்டோடு போட்டோம். கூலியோடு 1,150 வெள்ளி. அன்று மாலை நான்காவது மாடிக்கு மூன்று முறை வேண்டுமென்றே ஏறி இறங்கினேன்.

நவம்பர்: உயரம்

இடது பக்கம் திரும்பும்போதெல்லாம் டொக் டொக் என்று சத்தம். சரிவின் அடியில் முன் பம்பர் தேயும். முன் டயர்கள் உள்பக்கம் மட்டும் வழுக்கையாகியிருந்தன. ஒரே காரணம்தான், வண்டி அளவுக்கு மீறித் தாழ்ந்திருந்தது. கொய்லோவரில் உயரம் கூட்டலாமே என்று பார்த்தால், மரை துருப்பிடித்து இறுகிப்போய் அசையவில்லை. மூன்று நாள் எண்ணெய் ஊற்றிப் பார்த்தும் பலனில்லை.

இங்கே வீவக கார்ப்பேட்டையில் வண்டியைப் பிரித்துப் போட்டு வேலை செய்ய முடியாது. அங்கிள் ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொன்னார், கூடவே நின்று வேலை செய்ய விட்டார். என் வாழ்க்கையில் நல்ல ஞாயிறுகளில் அது ஒன்று. முன்பக்கம் ஸ்பிரிங்கும் டேம்பரும் (ஷாக் அப்சார்பர்) ஒரே தூணாக வருகிறது, ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி இல்லாமல் அதைத் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் முகத்தைப் பெயர்த்துவிடும். அதை அவரே செய்தார். பின்பக்கம் ஸ்பிரிங் தனி, டேம்பர் தனி, அதை நான் செய்தேன். பெட்டியிலிருந்த ஸ்பிரிங்குகள் நன்றாக இருந்தன, டேம்பர் நான்கும் புதிது வாங்கினேன், 780 வெள்ளி. 17 அங்குல ரிம்மைக் கழற்றி அசல் 16க்கு வந்து, வீல் அலைன்மெண்ட் செய்ததும் டொக் டொக் நின்றது. அம்மா முதல் முறையாக முதுகு வலிக்கிறது என்று சொல்லாமல் தேக்கா வரை வந்தார்.

டிசம்பர்: இன்ஸ்பெக்‌ஷன்

பத்து ஆண்டு தாண்டிய கார் ஆண்டுக்கு ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போக வேண்டும். என் காரின் எக்ஸாஸ்ட்டுக்கு ஒப்புதல் தாள் எதுவும் இல்லை. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருந்தது. இன்ஜின், எக்ஸாஸ்ட் போன்றவற்றை மாற்ற நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். மீறினால் முதல் முறையே 5,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் அசல் குழாயைப் பூட்டி, முடிந்ததும் திரும்ப மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. எனக்கும் அப்படிச் செய்து தருவதாக ஒருவர் முன்வந்தார். நான் ஒரேயடியாக அசலுக்குப் போய்விட்டேன். காலை ஐந்தரைக்கு வேலைக்குக் கிளம்பும்போது முழு புளோக்கும் அந்தச் சத்தத்தில் எழுவது எனக்கு முதல் நாளிலிருந்தே உறுத்தல். சட்டையிலும் முடியிலும் இருந்த பெட்ரோல் வாடையும் அன்றோடு போனது. கழற்றும்போது துருப்பிடித்த போல்ட் இரண்டு உடைந்தன, அதற்கே அரை நாள் ஆயிற்று. கண்ணாடி டின்ட்டும் பார்த்தார்கள். முன்கண்ணாடிக்கும் முன் பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கும் 70 விழுக்காடு, பின்பக்கத்துக்கு 25 விழுக்காடு வெளிச்சம் உள்ளே வர வேண்டும். அதில் தப்பினேன். முதல் முறையே பாஸ்.

ஜனவரிக்குப் பிறகு

கம்ப்யூட்டரோடு ஒட்டிய அந்தப் பெட்டியை யார், எந்தக் கணக்கில் அமைத்தார் என்று விற்றவருக்கே தெரியவில்லை, அவருக்கு முந்தைய உரிமையாளர் செய்ததாம். கழற்றினோம். திறந்த ஃபில்டரையும் எடுத்துவிட்டு அசல் ஏர் பாக்ஸைப் போட்டோம். நம் ஊர் வெயிலில், நெரிசலில் நிற்கும்போது திறந்த ஃபில்டர் இன்ஜினின் சூட்டுக் காற்றையே உறிஞ்சும். அசல் பாக்ஸ் முன்னாலிருந்து வெளிக்காற்றை எடுக்கும். லிட்டருக்கு 9 கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்தது இப்போது 12 கொடுக்கிறது. எரிந்துகொண்டிருந்த இன்ஜின் எச்சரிக்கை விளக்கும் அணைந்துவிட்டது.

எல்லாவற்றையும் கழற்றிவிடவில்லை. நல்ல பிரேக் பேடு போட்டிருந்தார்கள், அது இருக்கிறது. கியர் நெம்புகோலும் அவர் மாற்றியதுதான், கைக்கு அருமையாக இருக்கிறது.

இதுவரை பழுதுக்கும் திரும்ப மாற்றியதற்கும் 3,400 வெள்ளி ஆகியிருக்கிறது. அசல் பாகங்கள் இல்லாமல் போயிருந்தால் இது எவ்வளவு ஆகியிருக்கும் என்று அங்கிள் ஒரு தாளில் எழுதிக் காட்டினார், ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதனால் என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: முதல் காருக்கு ஸ்விஃப்ட் ஸ்போர்ட் போன்ற சிறிய ஸ்போர்ட்ஸ் கார் தாராளமாக வாங்கலாம், மாற்றாத வண்டியாகத் தேடுங்கள், இரண்டாயிரம் அதிகம் கேட்டாலும் கொடுங்கள். மாற்றிய வண்டிதான் கிடைக்கிறது என்றால் பானெட்டைத் திறக்கும் முன் அசல் பாகங்கள் எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

நான் வருத்தப்படுகிறேனா என்று அக்கா கேட்டாள். இல்லை. போன வாரம் ராத்திரி ஷிஃப்ட் முடிந்து, லிம் சூ காங் பக்கமாகச் சுற்றி வீடு வந்தேன். காலை வெளிச்சம், மரங்கள், சாலையில் யாரும் இல்லை. மூன்றாவது கியரில் அறுபதில் போனேன், அவ்வளவுதான் வேகம். அந்த இருபது நிமிடத்துக்காக நான் இன்னும் சேமிப்பேன்.

பி பிளேட் ஜூலையில் முடிகிறது. அதற்குள் போக்குவரத்துக் குற்றங்களுக்கான 13 புள்ளி சேர்ந்தால் லைசென்ஸே போய்விடும், இன்றுவரை பூஜ்யம். அடுத்த ஞாயிறு முன்பக்க லோவர் ஆர்ம் புஷ் மாற்றுகிறோம். அப்பாவும் வருகிறார், ஸ்பானர் செட்டை நேற்றே எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார்.