லெ மோர்ன் மலையும் ஒரு பதிவேடும்

லெ மோர்ன் மலையடிவாரத்தில் ஒரு காவற்கூண்டு இருக்கிறது. அங்குள்ள பதிவேட்டில் பெயர், நாடு, ஏறத் தொடங்கும் நேரம் மூன்றையும் எழுதிய பிறகுதான் மேலே போக முடியும். ஆகஸ்ட் மாதக் காலை, மணி ஏழு. ‘இந்தியா’ என்று எழுதிவிட்டுப் பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது, இந்த மலை முழுக்கப் பெயரை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களின் மலை என்பது நினைவுக்கு வந்தது. அன்று முழுவதும் அந்த நினைப்பு என்னை விடவில்லை.

மொரீஷியஸ் என்றால் நம்மவர்களுக்குக் கரும்புத் தோட்டமும் தேனிலவுக் கடற்கரையும்தான். எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் நான் புதுச்சேரிக்காரி. எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர்களோடுதான் வளர்ந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் லபூர்தொனே வீதி இருந்தது. அது யார் பெயர், அவர் எங்கே ஆண்டார் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காமலேயே இத்தனை வருடம் இருந்துவிட்டேனே என்ற வருத்தத்தில்தான் இந்தப் பயணத்தைத் தொடங்கினேன்.

தீவின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் நீட்டிய நிலத்தில் 556 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் ஒற்றைப் பாறை லெ மோர்ன். பாதி வழி வரை அகலமான காட்டுப்பாதை. அதன் பிறகு பாதை என்று ஒன்று கிடையாது. கையும் காலும் ஊன்றிப் பாறையைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். சில இடங்களில் கயிறு கட்டியிருக்கிறார்கள். எனக்கு வழிகாட்டிய, அடிமைகளின் வழிவந்த கிரியோல் இன இளைஞன் முன்னால் ஏறி, ஒவ்வொரு பிடியையும் தொட்டுக் காட்டினான். கயிறும் செருப்பும் வெளிச்சமும் இல்லாமல், துரத்துகிறவன் பின்னால் வர, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு இதில் ஏறியிருக்கிறார்கள். தப்பியோடிய அடிமைகளை இங்கே ‘மரூன்’ என்கிறார்கள். மலையின் குகைகளிலும் உச்சியிலும் அவர்கள் தங்கியிருந்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. 2008-இல் இந்த மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்ததற்குக் காரணமும் அவர்கள்தான்.

ஏறும் வழியில் ஒரு பாறை இடுக்கைக் காட்டி நிற்கச் சொன்னான் அந்த இளைஞன். சிறு செடி. தலைகீழாகத் தொங்கும் மணி போல ஒரு சிவப்புப் பூ. விரல் நுனியால் தொட்டேன். மெழுகு பூசியது போல இருந்தது இதழ். இயற்கையாக இந்த மலையைத் தவிர உலகில் வேறெங்கும் வளராத செடி இது. நாட்டின் தேசிய மலரும் இதுதான். பிரெஞ்சில் இதன் பெயருக்குக் காதுத்தோடு என்று பொருள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1723 டிசம்பரில் பிரெஞ்சு அரசு இந்தத் தீவுகளுக்கென்று கொண்டுவந்த அடிமைச் சட்டத்தில் ஓடிப்போனவர்களுக்கான தண்டனைகள் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன. ஒரு மாதம் தலைமறைவாக இருந்து பிடிபட்டால் இரண்டு காதுகளையும் அறுத்து, தோளில் லில்லிப்பூ முத்திரையைச் சூடு போடுவார்கள். இரண்டாம் முறை ஓடினால் பின்னங்கால் நரம்பை வெட்டுவார்கள். மூன்றாம் முறை மரணம். காது போனவர்கள் ஏறிவந்த பாறையில் தோட்டுப் பூ. கீழே பவளப்பாறைக்கு உள்ளே பச்சையாக, வெளியே கருநீலமாகக் கடல். கண்ணைக் கொள்ளை கொள்ளும் காட்சி. ஆனால் என் கண் அந்தச் செடியிலேயே இருந்தது.

மேலே இரும்புச் சிலுவை நடப்பட்ட இடத்தில் உட்கார்ந்துதான் அந்த இளைஞன், தன் பாட்டி சொன்ன கதை என்று சொல்லி, இதைச் சொன்னான். 1835 பிப்ரவரி 1. அடிமை முறை ஒழிந்துவிட்டது என்ற செய்தியைச் சொல்ல, அப்போது தீவை ஆண்ட ஆங்கிலேய அரசு சிப்பாய்களை இங்கே அனுப்பியது. சீருடை ஏறிவருவதைப் பார்த்த மரூன்கள் பிடிக்க வருகிறார்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள். இது ஆவணத்தில் உள்ள செய்தியல்ல, வாய்மொழியாக வந்தது. சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்ததை நான் கேட்டேன். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சீருடை என்றால் காது, நரம்பு, உயிர் என்று பழகிய மக்கள், அன்று மட்டும் அதை வேறு மாதிரி எப்படிப் புரிந்துகொண்டிருக்க முடியும்? நான் அந்தக் கதையை நம்புகிறேன். இன்றும் பிப்ரவரி 1 இந்த நாட்டில் அரசு விடுமுறை.

மறுநாள் பஸ் பிடித்துத் தலைநகர் போர்ட் லூயிக்குப் போனேன். துறைமுகத்துக்கு எதிரே, இரு வரிசைப் பனைகளுக்கு முன்னால், கடலைப் பார்த்தபடி ஒரு சிலை. மாஏ தெ லா பூர்தொனே. எங்கள் வீதியின் பெயருக்குச் சொந்தக்காரர். 1735 முதல் இந்தத் தீவை ஆண்டு, இந்தத் துறைமுகத்தை உருவாக்கியவர். 1746-இல் சென்னையைப் பிடித்தவரும் இவரே. துறைமுகத்தையும் சாலைகளையும் மருத்துவமனையையும் கட்டியவர்களில் பெரும்பாலோர் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிடித்துவரப்பட்ட அடிமைகள். புதுச்சேரியிலிருந்து கூலிக்கு வந்த கைவினைஞர்களும் இருந்தார்கள். ஆனால் நம் பக்கத்திலிருந்து வந்த எல்லோரும் கூலி பேசிக் கப்பலேறியவர்கள் அல்லர்.

எங்கள் ஊர் ரங்கப்பிள்ளை வீதியில் இன்றும் நிற்கும் வீட்டுக்குச் சொந்தக்காரரான ஆனந்தரங்கப் பிள்ளை 1743-ஆம் வருட நாட்குறிப்பில் ஒரு செய்தி எழுதியிருக்கிறார். இந்தத் தீவுகளுக்குப் போகும் கப்பலுக்கு ஆள் சேர்க்க, அடிமை வியாபாரிகளின் ஆட்கள் வழிப்போக்கர்களிடம் வெற்றிலை போடச் சொல்லிச் சுண்ணாம்பு நீட்டுவார்களாம். அதில் மருந்து கலந்திருக்கும். மயங்கிப் பின்னால் வருகிறவனை ஒரு வீட்டில் அடைத்து, தலையை மழித்து, கறுப்புத் துணி உடுத்தி, காலில் விலங்கு மாட்டி, இருட்டில் கப்பலேற்றிவிடுவார்கள். வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பதும் கொடுப்பதும் நம் ஊரில் முன்பின் தெரியாதவர்களுக்குள்ளும் நடக்கும் சாதாரண மரியாதை. அந்த மரியாதையையே தூண்டிலாக்கியிருக்கிறார்கள். தலையை ஏன் மழித்தார்கள், துணி ஏன் கறுப்பு என்று யோசித்துக்கொண்டே அந்தச் சிலையின் நிழலில் வெகுநேரம் நின்றேன். பெற்ற தாய் எதிரே வந்தாலும் அடையாளம் தெரியாமல் போவதற்குத்தான் என்று எனக்குத் தோன்றியது.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டுமா? அதற்கு நூறு வருடம் முன்பே டச்சுக்காரர்கள் பழவேற்காட்டிலிருந்து பத்தாவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, ஆட்களை விற்றார்கள். பஞ்சம் வந்தால் பெற்றவர்களே ஒருபடி அரிசிக்காகப் பிள்ளையைக் கொடுத்துவிடும் நிலை. மொரீஷியஸின் தென்கிழக்கில், பழைய டச்சுக் கோட்டையின் இடிந்த சுவர்களையும் பார்த்தேன். 1695-இல் அந்தக் கோட்டைக்கு அடிமைகள் தீ வைத்தார்கள். அம்போய்னாவின் ஆரோன், பத்தாவியாவின் பால், வங்காளத்தின் அன்னா. ஊரைச் சேர்த்துத்தான் ஏட்டில் எழுதியிருக்கிறார்கள். வங்காளத்தில் பிறந்த பெண்ணுக்கு யாராவது அன்னா என்று பெயரிட்டிருப்பார்களா? கிளர்ச்சியை நடத்தியவர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள்.

போர்ட் லூயியில் இந்தியக் கூலிகள் வந்திறங்கிய ஆப்பிரவாசி காட் படிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். விடுதலை வந்தபோது சுமார் 66,000 அடிமைகளுக்கு ஈடாக 20 லட்சம் பவுனுக்கு மேல் இழப்பீடு கொடுத்தது ஆங்கிலேய அரசு. யாருக்கு? முதலாளிகளுக்கு. அடிமையாக இருந்தவர்களுக்கு ஒரு காசுகூட இல்லை. ‘பயிற்சித் தொழிலாளி’ என்ற பெயரில் 1839 வரை அதே தோட்டங்களில் வேலை செய்ய வைத்தார்கள். 1834 நவம்பர் 2 அன்றே ‘அட்லஸ்’ கப்பலில் 36 இந்தியக் கூலிகள் வந்திறங்கிவிட்டார்கள். அந்தக் கருங்கல் படிகளில் உட்கார்ந்து எனக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது.

கடைசி நாள் துறைமுகத்தில் கழிந்தது. ஃபுர்சி என்ற மனிதருக்காகவே அங்கே திரும்பப் போனேன். அவருடைய தாய் மதலேன் வங்காளத்தின் சந்தர்நகரில் பிறந்தவர். சிறுமியாக விற்கப்பட்டு, பிரான்சுக்கும் பிறகு இன்றைய ரியூனியன் தீவுக்கும் கொண்டுபோகப்பட்டவர். 1789-இலேயே அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதப்பட்டிருந்தது. அதை அவரிடம் பல வருடங்கள் சொல்லவே இல்லை. தாய் இறந்த பிறகு கைக்குக் கிடைத்த காகிதங்களை வைத்துக்கொண்டு 1817-இல் ஃபுர்சி வழக்குப் போட்டார். பதிலுக்குக் கிடைத்தது சிறை. சுமார் ஒரு வருடம் அடைத்து வைத்து, 1818-இல் முதலாளியின் உறவினருடைய தோட்டத்துக்கு, இந்த மொரீஷியஸுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இங்கேதான் அந்தப் பதிவேடு வருகிறது. கப்பலிலிருந்து இறக்கியபோது சுங்கத்தில் அவரை அடிமையாகப் பதிவு செய்யவில்லை. பத்தாண்டுகளுக்குப் பிறகு ஃபுர்சி ஆங்கிலேய அதிகாரிகளிடம் முறையிட்டபோது ஏட்டில் அந்தப் பதிவு இல்லை. விடுவித்துவிட்டார்கள். இனிப்புப் பண்டம் செய்து விற்றுப் பிழைத்தார். அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பதிவு விட்டுப்போனதால் கிடைத்த விடுதலை அவருக்குப் போதவில்லை. தான் ஒருநாளும் அடிமையே அல்ல என்று ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்று பாரிஸ் வரை போனார். 1843 டிசம்பர் 23 அன்று அங்கே தீர்ப்பு வந்தது. ஃபுர்சி பிறக்கும்போதே சுதந்திரமாகப் பிறந்தவர் என்றது நீதிமன்றம். அப்போது அவருக்கு வயது 57.