முதலில் கோட் பக்கம் போகாதீர்கள்

ஓப்பன் சோர்ஸ் பேக்கேஜ் (கோடை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள்) ஒன்றுக்குப் பங்களிக்க ஆசை, எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் எப்போதும் இதுதான்: திறந்து கிடக்கும் பக் ரிப்போர்ட்களில் (பிழைப் புகார்களில்) ஒன்றை எடுத்து, உங்கள் கணினியிலும் அதே பிழை வருகிறதா என்று பாருங்கள். எந்த வெர்ஷனில் வருகிறது, எதில் வரவில்லை, பிழையைக் காட்ட நாலைந்து வரி கோட் போதுமா, இதை எழுதிப் போட்டாலே பராமரிப்பவருக்குப் பாதி வேலை மிச்சம். கிட் பைசெக்ட் (கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் கருவியின் ஒரு கட்டளை) தெரிந்தால் இன்னும் நல்லது, எந்த கமிட்டில், அதாவது பதிவான எந்த மாற்றத்தில், உடைந்தது என்று பாதிபாதியாகப் பிரித்துத் தேடும், 1,000 கமிட் இருந்தாலும் சுமார் 10 முறை சோதித்தால் ஆள் சிக்கிவிடும்.

அப்புறம் கோட். சின்னதாக அனுப்புங்கள், ஒரு புல் ரிக்வெஸ்டில் (உங்கள் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் கோரிக்கையில்) ஒரே மாற்றம், கூடவே அது சரியாக இயங்குகிறதா என்று சோதிக்க ஒரு டெஸ்ட். பிழை திருத்துகிற சாக்கில் கோப்பு முழுவதையும் அழகுபடுத்தி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே (இவர்களை என்ன செய்வது!), அதை ரிவ்யூ செய்ய யாருக்கும் மனமே வராது.

பதில் தாமதமானால் கோபப்படாதீர்கள். 2014-ல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அந்த ஓட்டை இருந்த, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க மென்பொருளில் முழுநேரமாக வேலை பார்த்தவர் ஒரே ஒருவர்தான். பல பேக்கேஜ்களில் இருக்கிற ஒரே ஒருவரும் ஆபீஸ் முடிந்து ராத்திரியில்தான் உட்காருகிறார்.