உறுதியாகாத ஒரு பெயர்

சுனாமி வந்த அந்த வாரம், உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ்ஸில் பேசும் ஹாம் ரேடியோக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பத்திரிகைகளில் நிறைய வந்துவிட்டது. அந்தமானிலிருந்து உலகத்தோடு பேசுவதற்காக 2004 டிசம்பரில் போர்ட் பிளேர் போயிருந்த பாரதி பிரசாத்தின் குழு, 26ஆம் தேதி காலை சுனாமி அடித்ததும் அதை மூட்டை கட்டி வைத்துவிட்டு அவசரத் தகவல் வேலையில் இறங்கியது. இந்தப் பக்கம் சென்னையில் உட்கார்ந்து, காதில் விழுந்ததைத் தாளில் எழுதிக்கொண்டிருந்த என் போன்றவர்களைப் பற்றிச் சொல்ல பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு உறுத்திக்கொண்டிருப்பது அந்தத் தாளில் இருந்த ஒரே ஒரு பெயர்.

மூன்றாம் நாள் சாயங்காலம். கார் நிக்கோபார் தீவிலிருந்து விமானத்தில் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரப்பட்டு முகாமில் இருந்தவர்களின் பட்டியல் ஒன்றை எதிர்முனையில் ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசிக்கொண்டிருந்த இருபது மீட்டர் பேண்ட், அதாவது அந்த அலைவரிசை, அந்த நேரத்தில் மங்க ஆரம்பித்துவிடும். சூரியப் புள்ளிகள் குறைந்தால் அது இன்னும் சீக்கிரம் மங்கும், அவை வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டிருந்த காலம் வேறு. குரல் மேலே வரும், கீழே போகும், நடுவில் இரைச்சல். அதில் ஒரு பெயர் வந்தது. தெருவுக்கு நான்கு பேர் வைத்திருக்கும் பெயர்தான். பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர் தேடிக்கொண்டிருந்த மகனின் பெயரும் அதுதான். இனிஷியலும் சரியாக இருந்தது. வயது "தர்ட்டி" வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அதற்கு அப்புறம் வந்தது ஃபைவா நைனா என்று பிடிபடவில்லை. இந்தக் குழப்பத்துக்காகத்தான் ரேடியோவில் நைன் என்று சொல்லாமல் "நைனர்" என்று சொல்லப் பழக்குகிறோம். ஆனால் மூன்று நாள் தூங்காத மனிதரிடம் உச்சரிப்பு எதிர்பார்க்க முடியாது. திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பதிலாக இரைச்சல்தான் வந்தது. பேண்ட் செத்துவிட்டது.

அந்தப் பெரியவரின் மகனுக்கு வயது முப்பத்தைந்து. ரோடு கான்ட்ராக்டில் வேலைக்காக கார் நிக்கோபார் போனவன். எங்கள் மொட்டைமாடியில் தொங்கும் கம்பியைக் காட்டி, "அந்த வீட்டு சார் அந்தமானோட பேசறார்" என்று யாரோ பெரியவரை அனுப்பியிருந்தார்கள். தினமும் காலையில் ஒரு தடவை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு தடவை வருவார். ராமநாதபுரம் பக்கத்துக்காரர். உள்ளே வரமாட்டார், வாசல் பிளாஸ்டிக் நாற்காலிதான்.

நாற்பது மீட்டர் பேண்டுக்கு மாறி அந்த வயதை உறுதி செய்திருக்கலாமே என்று ஹாம் நண்பர்கள் கேட்பார்கள். கேட்கட்டும். ராத்திரியில் அந்தப் பேண்ட் போர்ட் பிளேருக்குத் திறந்துதான் இருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் அங்கே மருந்து, தண்ணீர், ஜெனரேட்டர் என்று கலெக்டர் ஆபீஸ் செய்திகள் வரிசையில் நின்றன. ஒரு ஆளின் வயதைக் கேட்க அந்த வரிசையில் குறுக்கே நுழைய எனக்கு மனம் வரவில்லை. மனம் வரவில்லை என்பது பாதி. ஒரே அலைவரிசையில் எல்லோரும் முறை வைத்துப் பேசும் அந்த ‘நெட்’டை நடத்துகிறவர் எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி என்னை அதட்டிவிடுவார் என்ற கூச்சம் மீதி. எது எவ்வளவு என்று இன்றைக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

விதி என்னவென்று படித்தவன் நான். மூன்றாம் நபருக்கான செய்தியை ஹாம் கையாளக் கூடாது. வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று வந்தால் மட்டும் விலக்கு, அதுவும் கலெக்டர் மாதிரியான அதிகாரிகளிடமிருந்து வரும், அவர்களுக்குப் போகும் செய்திகளுக்கு. பரீட்சைக்கு இதை மனப்பாடம் செய்தோம். அந்த வாரம் விதிப் புத்தகத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை என்பதும் உண்மை. தாய் தகப்பன்மார் கேட்கும்போது எந்த அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருப்பது? ஆகவே நான் விதிக்குப் பயந்து வாயை மூடவில்லை. உறுதியாகாததைச் சொல்லக் கூடாது என்பது விதிக்கும் முந்தினது. மோர்ஸ் கற்றுக்கொடுத்தவர் அதைத்தான் முதலில் சொல்லிக் கொடுத்தார்: கேட்டதை எழுது, கேட்காததை ஊகித்து எழுதாதே.

பெரியவர் வழக்கம்போல வந்தார். "ஏதாச்சும் தெரிஞ்சுதா சார்?"

"லிஸ்ட் இன்னும் முழுசா வரலைங்க."

இது பொய் இல்லை. பட்டியல் பாதியில் நின்றதுதான். அவரும் சரி என்று எழுந்து போனார்.

மறுநாள் காலையில் வேறு ஆள் மைக்கில் இருந்தார். முந்தின நாள் பட்டியல் முகாம் அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றார். மத்தியானம் வரவில்லை. சாயங்காலம் வந்தது: தர்ட்டி ஃபைவ், தகப்பன் பெயர், சொந்த ஊர், எல்லாம் சரி. அவனேதான். இடையில் அன்று காலையிலும் பெரியவர் வந்திருந்தார். அதே கேள்வி, அதே பதில். சாயங்காலம் நான் விஷயத்தைச் சொன்னபோது கையெடுத்துக் கும்பிட்டார். அழவில்லை. துள்ளவில்லை. "நல்லா இருங்க சார்" என்றார். அதிர்ச்சியில் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் தாமதம், அவ்வளவுதானே. அந்தச் சமயத்தில் வாரக்கணக்கில் காத்திருந்தவர்கள் உண்டு, கடைசி வரை எதுவும் தெரியாமல் போனவர்களும் உண்டு.

என் மனைவிக்கு இந்தப் பொழுதுபோக்கோடு நல்ல உறவு இருந்ததில்லை. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை ராமாயணம் ஓடும்போது நான் மோர்ஸ் கீ அடித்தால் ராமர் முகத்தில் கோடு கோடாக விழும். தெருவே வந்து சண்டை போட்டது. மூர் மார்க்கெட்டில் பழைய ராணுவ செட் வாங்க வீட்டுச் செலவிலிருந்து எடுத்த பணக் கணக்கு அவளிடம் இன்றும் இருக்கிறது. அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற ரேடியோ செட்டை நானே கட்டியபோது கம்பிச் சுருள் சுற்ற குழாய் வாஷர் வேண்டியிருந்தது. குளியலறைக் குழாயிலிருந்து கழற்றினேன் என்று அவள் சொல்வாள், கடையில் வாங்கினேன் என்று நான் சொல்வேன். மகள் உலக வரைபடத்தில், பேசியதை உறுதிசெய்து ஹாம்கள் அனுப்பும் கியூ.எஸ்.எல். அட்டைகளை ஒட்டி விளையாடினாள், லைசென்ஸ் பரீட்சை என்றதும் ஓடிவிட்டாள். ஆனால் என் ரேடியோ அறை சமையலறைக்கு அடுத்த அறை. ஸ்பீக்கரில் வருவதெல்லாம் மனைவி காதிலும் விழும். முப்பது வருடம் கேட்டுக் கேட்டு, இரைச்சலுக்குள் எண் பிடிப்பதில் அவள் என்னை விடக் கெட்டிக்காரி ஆகிவிட்டாள் என்பதை நான் கவனிக்கவே இல்லை.

பெரியவர் சில வருடங்களுக்கு முன் தவறிப்போனார். துக்கம் விசாரித்துவிட்டுத் திரும்பும் வழியில், ஆட்டோவில், அவள் சொன்னாள்: "அன்னிக்கு ராத்திரியே அவருகிட்ட சொல்லிட்டேன். வாசல் கேட் வரைக்கும் போனவரைக் கூப்பிட்டு, உங்க பையன் பேரு மாதிரி ஒண்ணு வாசிச்சாங்க, வயசும் சரியா இருந்த மாதிரிதான் எனக்குக் கேட்டுச்சு, சார் உறுதி பண்ணிட்டுச் சொல்வார்னு சொன்னேன்."

"தப்பா இருந்திருந்தா?"

"நான்தானே சொன்னேன், நானே போய்ச் சொல்லியிருப்பேன்."

அதைக் கேட்டதும் கோபம்தான் முதலில் வந்தது. அது ‘நைன்’ என்றால் முப்பத்தொன்பது வயது இன்னொரு ஆள், அவனுக்கும் எங்கோ ஒரு தகப்பன். அப்படி ஆகியிருந்தால் மகனை ஒரு தடவை கொடுத்து மறுபடி பிடுங்கின மாதிரி இருந்திருக்கும். முகாம் பட்டியல்களில் பெயர்கள் மாறிப்போவது அதிசயம் இல்லை. அவள் கணிப்பு பலித்தது என்பதற்காக அவள் செய்தது சரி ஆகிவிடாது. இதை அவளிடமே சொன்னேன். "ஆமா, ஆகாது" என்று ஒத்துக்கொண்டாள். அதற்கு மேல் வாதாட வழியில்லாமல் போயிற்று.

அப்புறம்தான் அந்தக் காலை ஞாபகம் வந்தது. அப்படியென்றால் பெரியவர் தெரிந்துகொண்டே வந்து என்னிடம் கேட்டிருக்கிறார். ஏதாச்சும் தெரிஞ்சுதா சார் என்று. நான் லிஸ்ட் முழுசா வரலைங்க என்று என் நேர்மையான வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறேன். என்னைச் சோதித்தாரா? மனைவியைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று கேட்டாரா? இரண்டும் இல்லாமல், என் வாயால் கேட்டால்தான் அது உறுதி என்று உண்மையிலேயே நினைத்தாரா? கடைசியாகச் சொன்னதுதான் காரணம் என்றால் நான் செய்தது சரி. அவருக்கு இரண்டு பேரும் தேவைப்பட்டிருக்கிறார்கள், நம்பிக்கை கொடுக்க ஒருத்தி, ஊர்ஜிதம் செய்ய ஒருத்தன். இப்படி நினைக்க வசதியாகத்தான் இருக்கிறது. வசதியாக இருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த ராத்திரி அவருக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்ற கேள்விக்கு என் கொள்கையில் பதில் கிடையாது.

இன்றும் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பேரிடர்ப் பயிற்சி வகுப்பு எடுக்கிறேன். கேட்டதை எழுது, ஊகிக்காதே, உறுதியாகும் வரை வெளியே சொல்லாதே. போன தடவை ஒரு பெண் எழுந்து, "வாசல்லயே நின்னு கேட்டா என்ன சார் சொல்றது?" என்றாள். பட்டியல் முழுதாக வரவில்லை என்று சொல்லுங்கள் என்றேன். எழுதிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதைச் சொல்லி, அடுத்த வகுப்புக்கு நீயும் வந்து உன் பக்கத்தைச் சொல்லேன் என்று கூப்பிட்டேன். "உங்க பாடத்தை நான் எதுக்குக் கெடுக்கணும்? நீங்க சொல்றதுதான் சரி, அதையே சொல்லிக் குடுங்க" என்று சொல்லிவிட்டாள்.