எலக்ட்ரானை இழந்தால் எப்படி பிளஸ்?

நேற்று இரவு மகள் வேதியியல் புத்தகத்தோடு வந்து, "அப்பா, சோடியம் ஒரு எலக்ட்ரானை இழக்குது. இழந்தா மைனஸ்தானே வரணும், ஏன் பிளஸ் போடுறாங்க?" என்றாள். அருமையான கேள்வி.

உப்பு ஜாடியைத் திறந்து நாலு கல் உப்பை மேசையில் வைத்தேன். சோடியமும் குளோரினும் சேர்ந்ததுதான் இந்த உப்பு. சோடியம் அணுவில் 11 புரோட்டான், 11 எலக்ட்ரான். எலக்ட்ரானுக்கு எதிர்மின்சுமை. அதில் ஒன்று போனால் மிச்சம் 10. உள்ளே 11 புரோட்டானும் அப்படியே இருக்கின்றன. கூடுதலாக நிற்கும் அந்த ஒரு நேர்மின்சுமைதான் பிளஸ். குளோரினில் தலைகீழ்: அந்த எலக்ட்ரானை வாங்கிக்கொண்டதும் 17 புரோட்டான், 18 எலக்ட்ரான்; அதனால் மைனஸ். "கடன் கழிஞ்ச மாதிரியா?" என்றாள். அதேதான்!

ஒன்று மட்டும் எனக்கு உறுத்தும். சோடியம் எலக்ட்ரானைத் தானாகத் தூக்கிக் கொடுத்துவிடும் என்றே சொல்லித் தருகிறோம். உண்மையில் அதைப் பிடுங்க ஒரு மோலுக்கு (அணுக்களை மொத்தமாக எண்ணும் அளவு) சுமார் 496 கிலோஜூல் செலவு. வாங்கிக்கொள்ளும் குளோரின் வெளிவிடுவதோ 349தான். கணக்கு உதைக்கிறதல்லவா? ஈடுகட்டுவது அப்புறம் நடப்பது. பிளஸும் மைனஸும் ஒன்றையொன்று இழுத்து, ஒவ்வோர் அயனியை (மின்சுமை ஏறிய அணுவை) சுற்றியும் எதிர்ச்சுமை அயனிகள் ஆறு என்று அடுக்காக உட்காரும்போது சுமார் 787 கிலோஜூல் வெளியே வருகிறது. இதைப் பாடத்தில் இரண்டு வரி சொன்னால்கூடப் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும்.

லென்ஸை எடுத்துக் கொடுத்தேன். கல்லின் விளிம்பில் சின்னச் சின்னச் சதுர மூலைகள். அந்த அடுக்குதான் இப்படிக் கண்ணுக்குத் தெரிகிறது என்றதும், தூக்கத்தை மறந்து உட்கார்ந்துவிட்டாள்.