மூலையில் ஒரு விரல்

"அப்போ அந்தப் பொண்ண வேலையிலேர்ந்து எடுத்துடலாமா?" என்று மேலாளர் கேட்டார். "அது வேற விஷயம் சார்" என்றேன். அவருடைய டிபன் கடையின் ஆர்டர் மெஷின் திரையில் என்ன குறை என்று பார்த்துச் சொல்லப் போயிருந்தேன். நடந்தது இவ்வளவுதான். அறிக்கை கொடுத்து, பணமும் வந்து, நான் அடுத்த வேலைக்கும் போய்விட்டேன். அந்தப் பதில் மட்டும் இன்னும் உறுத்துகிறது.

டிபன் கடையில், வாடிக்கையாளரே திரையைத் தொட்டு ஆர்டர் போடும் மெஷின் வைத்தால் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் கல்லாவில்தான் நிற்கும். அதை மெஷின் பக்கம் திருப்ப ஒரு ஆளைப் போடுவார்கள். இங்கே அந்த ஆள்தான் அவள்.

பாதியில் கைவிடப்பட்ட ஆர்டர்கள் மிகக் குறைவு என்றது மெஷினின் பதிவு. அந்தத் திரையைப் பார்த்த எவருக்கும் அது நம்பும்படி இருக்காது. அதனால் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு பெரியவர் நெய் ரோஸ்ட்டைத் தொட்டுவிட்டு, மேஜையில் இருந்த மனைவியிடம் "காபியா, பாலா?" என்று கேட்கத் திரும்பினார். மெஷின் பக்கத்தில் நின்ற அந்தப் பெண் எதுவும் பேசாமல் திரையின் மேல் மூலையில், ஒன்றுமே இல்லாத இடத்தில், விரலை வைத்து எடுத்தாள். சற்றுப் பொறுத்து இன்னொரு முறை.

"சும்மா விட்டா எல்லாம் அழிஞ்சிடும்ணா. பாவம், மறுபடி முதல்லேர்ந்து போடணும்."

அழிப்பதில் தப்பில்லை. ஒருவர் விட்டுப்போன ஆர்டரும் போன் நம்பரும் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது. ஆனால் அழிக்கும் முன் கேட்க வேண்டும். எச்சரித்து, நேரத்தை நீட்டிக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடு என்று இணையதளங்களுக்கான அணுகல்தன்மை வழிகாட்டி 2008இலேயே சொல்லிவிட்டது. இந்த மெஷின் கேட்கவே இல்லை. யுபிஐ பின் போடப் போனைத் தேடும்போதுகூட, ஆள் போய்விட்டதாக நினைத்துக்கொண்டது.

இதையெல்லாம் எழுதினேன். மூலையைத் தொடுவதையும் எழுதினேன். எழுதாமல் முடியாது, பதிவைக் காட்டி, பிரச்சினையே இல்லையே என்பார்கள். "உதவிப் பணியாளர்" என்று மட்டும் குறிப்பிட்டேன், பெயர் போடவில்லை. இருந்தது ஒரே ஒரு உதவிப் பணியாளர் என்பது வேறு கதை.

என்னைக் கூப்பிட்டது திரைக்காக. யாரை வைத்துக்கொள்வது என்பது கடையின் முடிவு. அந்த அளவில் என் பதில் சரி. ஆனால் அவள் பார்த்தது அந்த ஒரு வேலை மட்டுமா? வறண்ட விரலைத் தொடுதிரை சரியாக உணராது. வயதானவர்கள் அழுத்தி அழுத்திப் பார்ப்பார்கள், அவள்தான் தொட்டுக்கொடுப்பாள். பொங்கல் தீர்ந்த பிறகும் மெஷின் பொங்கலைக் காட்டிக்கொண்டிருக்கும். "தீந்துடுச்சும்மா, கிச்சடி சூடா இருக்கு" என்று சொல்வதும் அவள்தான். "அவங்க இருக்கணும் சார்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி, "அப்போ நீங்க எதைச் சரி பண்ணீங்க?" என்று வந்திருக்கும். அந்தக் கேள்வியைத் தவிர்க்கத்தான் அப்படிச் சொன்னேனா என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் அவ்வளவு யோசித்ததாக நினைவில்லை.

அவளுக்கும் அங்கே நிற்கப் பிரியமில்லை. "கல்லாவுல போட்டா உக்காந்துக்கலாம்ணா, கால் வீங்குது" என்று ஒரு முறை சொன்னாள். அப்படியென்றால் நான் எதற்கு இவ்வளவு வருந்துகிறேன்?

பிறகு ஒருநாள் அங்கே சாப்பிடப் போனபோது மெஷின் பக்கத்தில் யாரும் இல்லை. வார விடுமுறையாக இருக்கலாம், பார்சல் பக்கம் மாற்றியிருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை.

இப்போது வேறொரு கடைக்கு இதே வேலை வந்திருக்கிறது. மெஷின் பக்கத்தில் நிற்பவர் செய்வதையெல்லாம் தனிப் பட்டியலாகத் தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அவரை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதில் தெரியும் என்று நினைக்கிறேன். முதலாளி அதையே அடுத்து மெஷினுக்குக் கற்றுத்தர வேண்டிய வேலைகளின் பட்டியலாகவும் படிக்கலாம். வரியை இன்னும் எடுக்கவில்லை.